குதிரைக்கு எத்தனை கிலோ?

அந்த 35 குதிரை எங்கே போயிற்று என்று என் மைத்துனன் இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறான். தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தாலும் கேட்கிறான், சிங்கப்பூர் தேக்காவில் வாழை இலைக்கு முன்னால் உட்கார்ந்தாலும் கேட்கிறான். எங்கள் படகுக்கு மாற்று எஞ்சின் தேடியபோது, கையில் இருந்த பணத்துக்கு 150 எச்பி (குதிரைத்திறன்) எஞ்சினே கிடைத்திருக்கும். நான் பிடிவாதம் பிடித்து 115 வாங்கவைத்தேன். நடுவில் உள்ள அந்த 35தான் அவன் கணக்கில் நான் தரவேண்டிய கடன். ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு பதில் சொல்கிறேன். சொல்லி முடித்ததும் எனக்கே அது பாதிப் பதிலாகத்தான் படுகிறது. வாயால் சொன்னால் அவன் குறுக்கே பேசுவான், எழுதியாவது பார்ப்போம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

பெரிய படகு என்று நினைத்துவிடாதீர்கள். 18 அடி ஃபைபர் படகு. அமெரிக்கத் தயாரிப்பு, வயது இருபதுக்கு மேல், நாங்கள் அதற்கு நான்காவதோ ஐந்தாவதோ முதலாளிகள். ஆளுக்குப் பாதி போட்டு வாங்கி, பொங்கோல் 17ஆம் அவென்யூ பக்கம் ஒரு யார்டில் டிரெய்லர் மேல் நிறுத்தியிருக்கிறோம். சிங்கப்பூரில் கார் வைத்திருப்பவனுக்குப் பத்து வருடம் ஆனதும் வயிற்றைக் கலக்கும், சிஓஇ என்னும் வாகன உரிமைச் சான்றிதழ் முடிந்துவிடும், புதுப்பிக்க வேண்டும் அல்லது உடைக்கக் கொடுக்க வேண்டும். படகுக்கு அந்தத் தலைவலி இல்லை. அதனால்தான் காரில் நாம் பார்க்கவே முடியாத ஒரு காட்சி படகு யார்டுகளில் சாதாரணம்: இருபது, இருபத்தைந்து வயது உடம்பு, அதற்கு மூன்றாவது இதயம். உடம்பு அப்படியே இருக்கும், எஞ்சின்தான் செத்துச் செத்துப் பிறக்கும்.

எங்களுடையது செத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. உபின் தீவுக்கும் பாசிர் ரிஸ்ஸுக்கும் நடுவில், சிராங்கூன் துறைமுகம் என்று வரைபடத்தில் போட்டிருக்கும் அந்த நீர்ப்பரப்பில். யமஹா வி4, 115 எச்பி, டூ ஸ்ட்ரோக், கார்புரேட்டர் வைத்த பழைய ரகம். போய்க்கொண்டிருக்கும்போதே சத்தம் மாறியது. யாரோ தொண்டையைப் பிடித்த மாதிரி ஒரு திணறல், அப்புறம் அமைதி. பக்கத்தில் இருந்த கெலோங்கிலிருந்து (கடலில் கட்டிய மீன்பிடி மேடை) ஒருவர் வந்து கயிறு போட்டு இழுத்துக் கரை சேர்த்தார். காசு கொடுத்தபோது வாங்கவில்லை, கையில் மிச்சமிருந்த நாசி லெமாக் பொட்டலங்களை மட்டும் வாங்கிக்கொண்டார். மறுநாள் கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் எழும் அழுத்தம், பார்த்தோம். மூன்று சிலிண்டர் 118, 120 என்று காட்டியது. நான்காவது 55. கார்புரேட்டரில் ஒரு ஜெட் அடைத்து, அந்தச் சிலிண்டருக்குப் பெட்ரோலும் குறைந்து, பெட்ரோலோடு போகவேண்டிய எண்ணெயும் குறைந்து, பிஸ்டன் சுவரை உரசியே தின்றிருக்கிறது.

விலைப்பட்டியல்

மைத்துனன் ஒரு பட்டியல் போட்டான். அவன் வேலையே அதுதான், அலுவலகத்தில் நாள் முழுவதும் எக்செல். கடைசி வரிசைக்கு அவன் வைத்த தலைப்பு: ஒரு குதிரைக்கு எத்தனை வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). பழைய எஞ்சினையே போரிங் பண்ணி, அதாவது சிலிண்டரைக் கடைந்து, புது பிஸ்டன் போட்டு எடுக்க 4,600 வெள்ளி, குதிரைக்கு 40. ஜப்பானிலிருந்து வந்த பழைய 200 எச்பி வி6 டூ ஸ்ட்ரோக் 6,000 வெள்ளி, குதிரைக்கு 30. ஓடிய 150 ஃபோர் ஸ்ட்ரோக் 9,800, குதிரைக்கு 65. நாலு வருடம் ஓடிய 115 ஃபோர் ஸ்ட்ரோக் 8,900, குதிரைக்கு 77. பெட்டி பிரிக்காத புது 115 என்றால் 15,500, குதிரைக்கு 135. எங்கள் பட்ஜெட் 12,000. பட்டியலைப் பார்த்தால் சின்னப் பிள்ளைகூட 150ஐத்தான் காட்டும். 115ஐ விட 900 வெள்ளி கூடுதல், அதற்கு 35 குதிரை. அரிசிக் கடையில் பெரிய மூட்டையில் கிலோ விலை குறையும் இல்லையா, அதே கணக்கு.

அந்த 200ஐ நான் முதலிலேயே வெட்டிவிட்டேன். அமெரிக்காவில் 20 அடிக்குக் குறைந்த படகுகளுக்கு அரசாங்கமே ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ஸ்டீயரிங் வைத்த படகு, பின்பலகை 20 அங்குல உயரம் என்றால், படகின் நீளத்தையும் பின்பக்க அகலத்தையும் அடியில் பெருக்கி, அதை இரண்டால் பெருக்கி, 90ஐக் கழிக்க வேண்டும். வருவதுதான் அந்தப் படகு தாங்கும் அதிகபட்ச எச்பி. எங்கள் படகில் அதைச் சொல்லும் தகட்டை முன்னாள் முதலாளி யாரோ பெயிண்ட்டுக்கு அடியில் புதைத்துவிட்டார். நாங்களே அளந்தோம். 18 அடி, ஆறரை அடி. பெருக்கினால் 117, இரு மடங்கு 234, தொண்ணூறு போனால் 144. விதி அதை அடுத்த ஐந்துக்கு ஏற்றிக்கொள்ள விடுகிறது, ஆக 145. 200 போட்டால் அது படகு இல்லை, தற்கொலை. 150ஐப் பற்றி மைத்துனன் சொன்னது, “அஞ்சுதானே அத்தான், யார் எண்ணப் போறா?”

பழைய எஞ்சினையே பிழைக்கவைக்கும் யோசனைதான் எனக்கு முதலில் பிடித்திருந்தது. அதை விட்டதற்குக் காரணம் பெட்ரோல். கார்புரேட்டர் டூ ஸ்ட்ரோக்கில் புதுக் கலவை உள்ளே வரும் நேரத்திலேயே வெளியேறும் வாயிலும் திறந்திருக்கும், பெட்ரோலில் நான்கில் ஒரு பங்கு அளவுக்கு எரியாமல் அப்படியே கடலுக்குப் போய்விடும். எங்கள் படகு நிதானமான ஓட்டத்தில் மணிக்கு 26, 27 லிட்டர் குடித்தது. அதே ஓட்டத்துக்கு ஃபோர் ஸ்ட்ரோக் 16, 17 லிட்டரில் முடித்துவிடும். நாங்கள் வருடத்துக்கு 60 மணி நேரம் ஓட்டுகிறோம். லிட்டர் 3 வெள்ளி என்று வைத்தால் வருடத்துக்கு 1,800 வெள்ளி. போரிங்குக்கும் ஓடிய ஃபோர் ஸ்ட்ரோக்குக்கும் உள்ள 4,300 வித்தியாசம் இரண்டரை வருடத்துக்குள் திரும்பி வந்துவிடுகிறது. தவிர, அந்த நீலப் புகை. காலையில் மீன் பிடிக்கப் போய்விட்டு வந்தால் என் மனைவி, அதாவது அவனுடைய அக்கா, வாசலிலேயே சட்டையைக் கழற்றச் சொல்வாள்.

நடுவில் ஒரு வாரம் மைத்துனனுக்கு எவின்ரூட் இ-டெக் மேல் காதல் வந்தது. டூ ஸ்ட்ரோக்கின் உதையும் வேண்டும், கார்புரேட்டரின் வீணும் வேண்டாம் என்பவர்களுக்காகப் பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் எஞ்சின் அது. நல்ல எஞ்சின், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் 2020இல் அதன் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். 1909இல் ஓலே எவின்ரூட் விற்கத் தொடங்கிய பெயர். காதலிக்கு ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு ஏரியில் துடுப்புப் போட்டு வருவதற்குள் அது உருகிப்போனதால்தான் அவருக்கு அவுட்போர்டு, அதாவது படகின் பின்னால் தொங்கும் எஞ்சின், யோசனையே வந்தது என்று ஒரு கதை உண்டு. அப்படிப்பட்ட பரம்பரை நூறு வருடம் தாண்டி முடிந்துபோனது. அதனால்தான் விலை மலிவு. இன்றைக்கு உதிரிபாகம் கிடைக்கும், எட்டு வருடம் கழித்து? அநாதைப் பிள்ளையைத் தத்தெடுக்கப் பெரிய மனசு வேண்டும், எங்களிடம் இருந்தது 12,000 வெள்ளிதான்.

ஆக 150க்கும் 115க்கும் இடையில் வந்து நின்றது. இங்கேதான் நான் முதன்முதலாகக் கொஞ்சம் தடுமாறினேன். வேகம் எச்பிக்கு நேராக ஏறுவதில்லை. வேகத்தில் எழுந்து தண்ணீர்மேல் சறுக்கி ஓடும் படகுகளுக்கு க்ரௌச் என்பவர் பெயரில் ஒரு பழைய சூத்திரம் இருக்கிறது. அதன்படி எடை மாறாவிட்டால் வேகம் எச்பியின் வர்க்கமூலத்தோடுதான் ஏறும். 115லிருந்து 150 போனால் எச்பி 30 சதவீதம் கூடுகிறது, வேகம் 14 சதவீதம்தான். 32 நாட் (மணிக்கு 32 கடல் மைல்) வேகத்தில் ஓடிய படகு 36 சொச்சம் ஓடும். 12 கடல் மைல் தூரத்தை இருபத்திரண்டரை நிமிடத்தில் போவதற்குப் பதில் 20 நிமிடத்தில் போகலாம். இரண்டரை நிமிடம். இதை அவனிடம் சொன்னபோது அவன் சிரித்தான். “நிமிஷத்துக்காகவா அத்தான் படகு வாங்கினோம்?” உண்மையில் அதற்கு என்னிடம் பதில் இல்லை. 36 நாட் வேகத்தில் முகத்தில் அடிக்கும் காற்று வேறு, 32இல் அடிக்கும் காற்று வேறு, எனக்கும் தெரியும். சரி, 150ஏ இருக்கட்டும் என்று தலையாட்டிவிட்டேன். முன்பணம் 500 வெள்ளி கொடுப்பதற்கு முன்னால் ஒருவரிடம் காட்டிவிடலாம் என்று மட்டும் சொன்னேன்.

இரண்டு கேன் தண்ணீர்

அவரை எல்லாரும் ஃபோர்மேன் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். நாகப்பட்டினத்துக்காரர். செம்பவாங் பக்கம் ஒரு கப்பல் பட்டறையில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது தெரிந்தவர்களின் படகுகளை மட்டும் பார்ப்பார். காசு பேசமாட்டார், ஆனால் வேலை முடிந்ததும் சாப்பாடு வாங்கித் தந்தே ஆகவேண்டும், அதுவும் மீன் தலைக் கறி. படகின் முன்பக்கத்தை அணியம் என்பார், எஞ்சின் தொங்கும் பக்கத்தைப் பின்னணியம் என்பார். நாங்கள் டிரான்சம் டிரான்சம் என்று சொல்லிக்கொண்டிருந்ததற்கு அப்படி ஒரு சொல் இருப்பதே அவர் வாயால்தான் எனக்குத் தெரியும்.

அவர் வந்ததும் எஞ்சினைப் பற்றிக் கேட்கவே இல்லை. “புது எஞ்சின் எத்தனை கிலோ?” என்றார். மைத்துனன் போனைத் தட்டிப் பார்த்தான். மெர்க்குரி கம்பெனியின் 3 லிட்டர் 150 எச்பி, மிகக் குறைந்த எடை மாடலே 206 கிலோ. யமஹா 150 இன்னும் கொஞ்சம் கனம். எங்கள் செத்துப்போன டூ ஸ்ட்ரோக் சுமார் 165. “அப்ப ஒரு நாப்பது கூட. சரி, படகை இறக்குங்க. ரெண்டு தண்ணி கேன் கொண்டாங்க, இருபது லிட்டர் கேன்.”

யார்டின் சரிவில் படகைத் தண்ணீரில் இறக்கினோம். பழைய எஞ்சின் இன்னும் பின்னால் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. அதன் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கேனைக் கயிறு போட்டுக் கட்டச் சொன்னார். இருபது லிட்டர் தண்ணீர் இருபது கிலோ. அதாவது, இன்னும் காசு கொடுக்காத 150ஐ எங்கள் படகில் அப்போதே மாட்டிவிட்டார். “இப்ப ரெண்டு பேரும் பின்னால போய் நில்லுங்க. மீன் பிடிக்கும்போது அங்கதானே நிப்பீங்க?” நின்றோம். எங்கள் படகில் தளத்தில் விழும் தண்ணீர் தானாக வடிவதற்காகப் பின்மூலைகளில் இரண்டு துளைகள் உண்டு. வழக்கமாக அவை கடல் மட்டத்துக்கு ஓர் அங்குலம் மேலே இருக்கும். நான் கீழே பார்த்துக்கொண்டே இருந்தேன். முதலில் துளையின் விளிம்பில் ஒரு பளபளப்பு. பிறகு ஜொகூர் நீரிணையின் பழுப்புத் தண்ணீர், அவசரமே இல்லாமல், உள்ளே வந்து என் செருப்பைத் தொட்டது. வெளியே போவதற்காக வைத்த வழியில் உள்ளே வந்தது. மைத்துனன் ஒன்றும் பேசவில்லை. அவன் பேசாமல் இருந்த தருணங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அந்த அரை நிமிடத்தை நான் பலமுறை திரும்ப நினைத்துப் பார்த்திருக்கிறேன். அதற்கு முன்னால் நான் படித்த கணக்கெல்லாம் காகிதத்தில் சரியாகவே இருந்தது. எடை ஏறினால் சூத்திரப்படி வேகம் குறையும் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் நாற்பது கிலோ என்பது படகின் மொத்த எடையில் கூடும் நாற்பது கிலோ இல்லை, அது வந்து உட்காரும் இடம்தான் எல்லாம். படகின் நடுவில் வைத்தால் யாருக்கும் தெரியாத ஒரு பை சிமெண்ட், கடைசி விளிம்புக்கும் வெளியே தொங்கும்போது படகையே சாய்க்கிறது. சீ-சாவின் நுனியில் உட்கார்ந்த பிள்ளை மாதிரி. ஓட்டத்தில் எழுந்துவிடும், சரிதான். ஆனால் நாங்கள் படகில் கழிக்கும் நேரத்தில் முக்கால்வாசி நங்கூரம் போட்டுத் தூண்டிலோடு நிற்பதுதான்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. படகை மறுபடி டிரெய்லரில் ஏற்றியதும் பையிலிருந்து ஒரு சின்னச் சுத்தியலை எடுத்தார். பின்பலகையை மேலிருந்து தட்டிக்கொண்டே வந்தார். டொக், டொக், டொக் என்று கல் மாதிரிச் சத்தம். கீழே வலது மூலைக்கு வந்ததும் சத்தம் தொப் என்று ஆனது. அழுகிய பலாப்பழத்தைத் தட்டினால் வருமே, அந்தச் சத்தம். உள்பக்கமாக ஒரு மெல்லிய துரப்பணம் போட்டுப் பார்த்தார். வந்தது மரத்தூள் இல்லை, ஈரமான காப்பித் தூள். ஃபைபர் படகின் பின்பலகைக்கு இரண்டு பக்கமும்தான் ஃபைபர், நடுவில் பிளைவுட். அந்த பிளைவுட் வலது கீழ் மூலையில் ஊறிப்போயிருந்தது. “இங்க யாரு ஸ்க்ரூ போட்டது?”

நான்தான். மூன்று வருடத்துக்கு முன்னால் மீன் காட்டும் கருவியின் சென்சாரைப் பொருத்த நாலு ஸ்க்ரூ முறுக்கினேன். துளையில் தண்ணீர் புகாமல் அடைக்கும் சீலண்ட் பசை பூச வேண்டும் என்று தெரியாது. தெரியாது என்பதுகூடப் பொய், டியூபை வாங்கி வைத்திருந்தேன், அன்றைக்கு மழை வருகிற மாதிரி இருந்ததால் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். மூன்று வருடம் அந்த நாலு துளை வழியாகக் கடல் உள்ளே போயிருக்கிறது. 206 கிலோவை அந்தப் பலகையில் மாட்டி, 150 குதிரையின் உதையையும் கொடுத்து, தேக்கோங் தீவுப் பக்கம் அலையில் குதிக்கவிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அண்ணன் விளக்கவில்லை. “பலகைக்கு எச்பி தெரியாது தம்பி” என்று மட்டும் சொல்லிவிட்டு, மீன் தலைக் கறிக்கு எங்கே போகலாம் என்று கேட்டார்.

பட்டியலின் புது வரிசை

அதற்கு மேல் ஆறு வாரம் படகு யார்டிலேயே கிடந்தது. உள்பக்க ஃபைபரை வெட்டி எடுத்து, ஊறிய மரத்தைச் சுரண்டி, புது மரைன் பிளைவுட்டும் எபாக்ஸியும் வைத்து மூடினார்கள். 3,400 வெள்ளி. பாதியை நான் தனியாகவே போட்டேன், ஸ்க்ரூவுக்கான அபராதம். 12,000இல் மிச்சம் 8,600. பலகை புதிதாகிவிட்டதே, இப்போது 150 தாங்குமே என்றான் மைத்துனன். பலகை தாங்கும், துளைகள் தாங்காது. பலகை புதிதானால் படகு மிதக்கும் மட்டம் மாறிவிடாதே.

பட்டியலில் நான் ஒரு வரிசை சேர்த்தேன்: கிலோ. முன்பெல்லாம் எச்பியை முதலில் முடிவு செய்து, அப்புறம் விலை, கடைசியில்தான் எடையைப் பார்த்தோம், அதுவும் பார்த்தால் உண்டு. இப்போது தலைகீழாக்கினேன். 180 கிலோவுக்கு மேல் எதுவும் வேண்டாம். அந்த எடைக்குள் கிடைப்பதில் எச்பி அதிகம் எதில்? தேடல் உடனே சுருங்கியது. இந்தக் கோணத்தில் பார்த்தபோதுதான் எஞ்சின் கம்பெனிகள் செய்யும் ஒரு விஷயம் எனக்குப் புரிந்தது. அவர்கள் ஒவ்வொரு எச்பிக்கும் ஒரு எஞ்சின் செய்வதில்லை. ஒரே பிளாக்கை (சிலிண்டர்கள் உள்ள எஞ்சின் உடம்பு) எடுத்து, அதையே மூன்று நான்கு எச்பியாக விற்கிறார்கள். மெர்க்குரியின் 2.1 லிட்டர் பிளாக் 75ஆகவும் வரும், 90ஆகவும் வரும், 115ஆகவும் வரும், எல்லாமே 163 கிலோதான். சுசுகியின் 2 லிட்டர் பிளாக் 115ஆகவும் வரும், 140ஆகவும் வரும், அந்த 140இன் எடை 179 கிலோ. அப்படியானால் மலிவான குதிரை என்பது ஒரே எடையில் மேலே உள்ள குதிரை. 90க்கும் 115க்கும் இடையில் உள்ள 25 குதிரைக்கு ஒரு கிலோகூட விலை இல்லை. 115க்கும் 150க்கும் நடுவில் உள்ள 35 குதிரைக்கு நாற்பது கிலோ விலை. மைத்துனனின் 35 குதிரை எங்கே போயிற்று என்றால், அது கிலோவாக மாறிக் கடைசி விளிம்பில் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

நாலு வருடம் ஓடிய அந்த 163 கிலோ மெர்க்குரி 115ஐயே வாங்கினோம். மணிமீட்டர் 380 மணி நேரம் என்று சொன்னது. விற்பவர் சொல்வதை நம்பாமல், எஞ்சினின் கணினியில் லேப்டாப்பை மாட்டி எந்த வேகத்தில் எத்தனை மணி நேரம் ஓடியது என்பது வரை எடுத்துப் பார்த்தோம். கியர் ஆயிலைக் கொஞ்சம் வடித்துப் பார்த்தார் அண்ணன். பால் கலந்த தேத்தண்ணீர் நிறத்தில் வந்தால் உள்ளே கடல் தண்ணீர் போயிருக்கிறது என்று அர்த்தம். சுத்தமாக இருந்தது. கன்ட்ரோல் பெட்டி, கேபிள், பெட்ரோலில் தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர், மீட்டர் என்று இன்னும் 1,700 வெள்ளி போனது. ஒரு கம்பெனியின் கன்ட்ரோல் இன்னொரு கம்பெனிக்குச் சேராது என்பதை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை. மொத்தம் 14,000. பட்ஜெட்டை இரண்டாயிரம் தாண்டியது. கடல்துறை, துறைமுக ஆணையத்தில் படகின் எஞ்சின் விவரத்தை மாற்றும் வேலை ஒன்றும் பெரிதாக இழுக்கவில்லை.

விசிறி

முதல் ஓட்டத்தில் எனக்கே முகம் விழுந்துவிட்டது. நாலு பேர், ஐஸ் பெட்டி, முழு டேங்க். தள்ளுகோலை (த்ராட்டில்) முழுக்கத் தள்ளினால் நிமிடத்துக்கு 5,100 சுற்றுக்கு மேல் ஏறவில்லை. முழுத் திறப்பில் 5,000 முதல் 6,000 வரை போகவேண்டிய எஞ்சின். படகு எழுந்து சறுக்க ஒன்பது வினாடி எடுத்தது. அணியம் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க, எங்களுக்கு முன்னால் எதுவுமே தெரியவில்லை. ஜிபிஎஸ்ஸில் 30.5 நாட். மைத்துனன் ஒரு வார்த்தைதான் சொன்னான்: “முப்பத்தஞ்சு.”

எஞ்சினோடு வந்த விசிறி (ப்ரொப்பெல்லர்) 19 பிட்ச். திருகு மரத்தில் இறங்குவது போல் நழுவாமல் போனால் ஒரு சுற்றுக்கு 19 அங்குலம் முன்னேறும் என்று அர்த்தம். 5,100 சுற்று, கியர் விகிதம் 2.07, அதாவது எஞ்சின் 2.07 முறை சுற்றினால் விசிறி ஒரு முறை சுற்றும். கணக்குப் போட்டால் படகு 38 நாட்டுக்கு மேல் போயிருக்க வேண்டும். போனது முப்பது சொச்சம். ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரில் நழுவிக்கொண்டிருந்தது. மேட்டில் டாப் கியரில் சைக்கிள் மிதிப்பது போல எஞ்சின் திணறியிருக்கிறது. எஞ்சினின் முன்னாள் முதலாளியின் படகு எங்களுடையதை விட லேசானதாக இருந்திருக்கும், அவருக்கு 19 சரி. பிட்ச் ஓர் அங்குலம் குறைந்தால் 150, 200 சுற்று ஏறும். அண்ணன் யாரிடமோ சொல்லி ஒரு பழைய 16 பிட்ச் அலுமினிய விசிறி வாங்கித் தந்தார், 140 வெள்ளி.

அதே நாலு பேர், அதே ஐஸ் பெட்டி. 5,650 சுற்று. எழுந்து சறுக்க ஐந்து வினாடி. உச்ச வேகம் 31.5 நாட், அதாவது ஒரு நாட்தான் கூடியது. கரையில் நின்று பார்ப்பவனுக்கு இரண்டும் ஒரே படகு. படகுக்குள் இருப்பவனுக்கு அது வேறு படகு. நாங்கள் ஓட்டும் கடலை யோசித்துப் பாருங்கள். சாங்கியிலிருந்து உபினுக்குப் பயணிகளை ஏற்றிக்கொண்டு பம்போட் குறுக்கே போகும், வேகத்தைக் குறைக்க வேண்டும். மீன் பண்ணைகளைத் தாண்டும்போது குறைக்க வேண்டும். மழைக்குப் பிறகு மரக்கட்டையும் பிளாஸ்டிக்கும் மிதக்கும், குறைக்க வேண்டும். ஒரு காலைப் பொழுதில் பதினைந்து, இருபது முறை படகு உட்கார்ந்து எழுகிறது. முழு வேகத்தில் ஓட்டுவது எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம் தேறாது. இந்தத் தண்ணீரில் செயல்திறன் என்றால் எழுவதுதான், பறப்பது இல்லை. பத்தாயிரத்துச் சொச்சம் வெள்ளிக்கு எஞ்சினைத் தேடித் தேடி மாட்டி, கடைசியில் படகின் குணத்தையே மாற்றியது 140 வெள்ளி விசிறி என்பதை ஒப்புக்கொள்ளக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

இதையெல்லாம் இப்படியே எழுதி நேற்று மைத்துனனுக்கு அனுப்பினேன். ராத்திரி பதினொன்றரைக்குப் பதில் வந்தது. எழுத்து இல்லை, ஒரு படம். யாரோ விற்கும் சுசுகி 140, மூன்று வருடம் ஓடியது. கீழே ஒரு வரி: “179 கிலோ. நம்ம எஞ்சினை விட 16தான் கூட. ஒரு கேன்கூட இல்ல அத்தான்.”

145க்குள் வருகிறது, 180க்குள்ளும் வருகிறது. அவன் என் கணக்கையே எடுத்து என்னிடம் நீட்டியிருக்கிறான். இன்னும் பதில் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை படகை இறக்கும்போது கேனில் பதினாறு லிட்டர் தண்ணீர் பிடித்துக் கட்டிப் பார்க்க வேண்டும்.